தண்ணீர் ஏறிய பிறகு எடுத்த பாட்டில்கள்

நான் கோபக்காரி. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுத் தண்ணீரைக் கண்காணிக்கிற வேலைக்குக் கோபம் நல்லதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். தொழிற்சாலைக்காரர்களிடம் கத்தியிருக்கிறேன். ஆனால் கணக்குப் பார்த்தால், என் கோபத்தை அதிகம் வாங்கிக்கொண்டது அவர்கள் இல்லை. இறால் பிடிக்கிற ஒரு அக்கா. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் ஆறு வந்து விழும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கால்வாய் வந்து சேர்கிறது. ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்தபிறகு அதில் விடலாம் என்று அனுமதி. உண்மையிலேயே சுத்தம் செய்துதான் விடுகிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. மாதம் ஒரு முறை மீஞ்சூரில் ரயில் இறங்கி, ஜீப்பில் குப்பத்துக்குப் போய், படகில் ஏறி, குறித்துக் கொடுத்த இடத்தில் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன்.

அந்த இடம் முழுக்கச் சேறு. தண்ணீர் வற்றியிருந்தால் படகு தரை தட்டிவிடும். அதனால் படகுக்காரர் முந்தின நாளே போன் செய்துவிடுவார். "நாளிக்கு பத்து மணிக்கு மேல தண்ணி ஏறும் மேடம். அப்ப வந்தா போட்டு ஜோரா போவும்." நானும் அவர் சொன்ன நேரத்துக்குப் போய் இறங்குவேன். சேறு படாமல் திரும்பிவிடுவேன். ஒவ்வொரு முறையும் முடிவு ஒன்றுதான்: அளவுக்குள் இருக்கிறது.

குப்பத்துப் பெண்கள் அந்தக் கால்வாயை மூடச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். அதில் முதல் கையெழுத்து இந்த அக்காவுடையது. வயது நாற்பத்தைந்து இருக்கும். தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். பறி வாயில் இருக்கும்வரை பேச்சில்லை. எடுத்துவிட்டால் நிறுத்த முடியாது.

என் படகைப் பார்த்தால் பறியை எடுத்துவிடுவார்.

"இன்னா மேடம், இம்மாந்தூரம் வந்து கடல் தண்ணிய மொண்டுகினு போற? தண்ணி வத்தறப்போ வா மேடம். அப்ப பாரு அந்த நாத்தத்த."

"எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"கோச்சிக்காத மேடம். சேத்துலயே கெடக்கறவ, தெரிஞ்சத சொன்னேன்." அப்படியே கையை நீட்டிக் காட்டுவார். விரல் இடுக்கெல்லாம் தோல் வெந்து உரிந்திருக்கும்.

அடுத்த மாதமும் இதே பேச்சு. அதற்கடுத்த மாதமும். ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குத் தலைவலி வேறு. "உங்களுக்குப் பிடிச்ச ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தண்ணி மொண்டுக்கிட்டே இருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன். படகுக்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பிறகு ஒரு மாதம், படகின் இன்ஜின் பழுதாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கரையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். "நடந்தே போவலாம் மேடம். தண்ணி வத்திக்கினுதான் கீது. என் கைய புடிச்சிக்கோ." செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கினேன். விழுந்துவிடாமல் இருக்க, புண்ணாகிக் கிடந்த அந்தக் கையைத்தான் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு போனேன்.

அங்கே போய் நின்றோம். கடல் தண்ணீர் முழுக்க இறங்கிப்போயிருந்தது. கால்வாயிலிருந்து வருவது மட்டும் டீ டிகாஷன் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, சேற்றின் நடுவே தனியாக ஓடியது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாளும் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி வந்து, இதையெல்லாம் கலைத்துக் கரைத்த பிறகு, படகு சொகுசாகப் போகிற நேரம் பார்த்து வந்து, கடலைத்தான் நான் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். எங்கள் படிவத்தில் எடுத்த நேரத்தை எழுத இடம் உண்டு. தண்ணீர் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்று எழுத இடம் கிடையாது. ஆனால் எனக்குக் கண் இருந்தது. காதும் இருந்தது.

"இப்ப எடு மேடம்," என்றார் அக்கா. எடுத்தேன்.

முடிவு வந்தது. அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. என் மேலதிகாரி நல்ல மனிதர், குரல் உயர்த்தவே மாட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இத்தனை மாசமா நல்லா இருந்த தண்ணி ஒருநாள் மட்டும் கெட்டுப்போச்சுன்னா, ஒண்ணு தண்ணி மேல தப்பு, இல்ல எடுத்தவங்க மேல தப்பு. எதுன்னு எழுதட்டும்மா? பழசெல்லாம் உன் கையெழுத்துதான்."

முந்தைய மாதிரிகள் எல்லாம் கடல் ஏறிய நேரத்தில் எடுத்தவை, அவற்றை நம்ப வேண்டாம். இவ்வளவுதான் நான் எழுத வேண்டியிருந்தது. இரண்டு வரி. டைப் செய்தேன், அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், மறுபடி அழித்தேன். என்னைக் கேள்வி கேட்பார்கள், சிரிப்பார்கள், இத்தனை மாதமும் என்ன கிழித்தாய் என்பார்கள். ஊரையே அதட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு அவமானத்தைத் தாங்கத் தெம்பில்லை. கடைசியாக எடுத்த பாட்டில், குறித்த இடத்துக்குப் படகில் போய் எடுத்ததல்ல என்று காரணம் எழுதி, அதை ஒதுக்கி வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மனு விசாரணைக்கு வந்தது. பெண்கள் வேனில் வந்திருந்தார்கள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. விசாரித்த அதிகாரி அறிக்கைகளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "மாதிரியெல்லாம் முறைப்படிதானே எடுத்தீங்க?"

"ஆமா சார். முறைப்படிதான்."

பொய் இல்லை. கடல் வற்றுகிற நேரத்தில் எடுக்க வேண்டும் என்று எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்றுவரை என்னைச் சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன். ஒருநாளும் ஆனதில்லை. மனு தள்ளுபடி ஆனது. எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. அந்த இரண்டு வரியை அங்கிருந்தும் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கால்வாய் இன்னும் ஓடுகிறது.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அக்கா என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அன்னிக்கு நடந்து போய் எடுத்தோமே மேடம், அந்த பாட்டிலயும் பாத்தாங்களா?"

"பாத்தாச்சுக்கா."

"அதுலயும் ஒண்ணும் இல்லியா?"

நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன், எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே சேத்துல எறங்கி எடுத்த. நீ பொய் சொல்லமாட்ட. அப்ப எனக்குத்தான் ஒடம்புல ஏதோ கோளாறு மேடம். அத்த தெரிஞ்சிக்காம தண்ணி மேல பழி போட்டு, இவளுங்களையும் இட்டுகினு வந்து அலைய வுட்டேன். இதுக்கு எந்த டாக்டராண்ட போவணும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் வியாழக்கிழமை இருப்பார் என்றேன். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள் என்றேன். மறந்துபூடுவேன், எழுதிக் குடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லா இரு மேடம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேன் பக்கம் போனார்.