நெல்சன் வழி சொல்லாத தோப்பு

என் தம்பி நெல்சனைப் போல வழி தெரிந்த ஆட்டோக்காரன் புதுச்சேரியில் இல்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. ரயிலடி ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். எந்தத் தெருவை எப்போது ஒருவழிப் பாதையாக்குவார்கள், எந்த ஓட்டலுக்குப் பின்வாசல் எங்கே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தப் பக்கம் போனால் நெரிசலில் மாட்டாமல் வரலாம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வண்டியின் சீட்டில் ஒரு மணல் துகளைப் பார்க்க முடியாது. அது நான் பழக்கிய பழக்கம்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் அவனிடம் கேட்பது ஒன்றைத்தான். "கூட்டமே இல்லாத இடமா, யாருக்கும் தெரியாத பீச்சா காட்டுங்க." அவனும் காட்டியிருக்கிறான். ஒருமுறை ஆறு கடலில் சேரும் பக்கம் ஒரு மணல் திட்டுக்கு அழைத்துப்போனான். போனவர்கள் அங்கேயே வீடியோ எடுத்துப் போட்டார்கள். அடுத்த கோடையில் அந்தத் திட்டில் பஜ்ஜிக் கடை, குதிரைச் சவாரி, காது கிழியும் பாட்டு. பிறகு வேறோர் இடம் காட்டினான். அதுவும் அப்படியே ஆனது. "நான் காட்டுன எடம் எதுவும் வெளங்காதுக்கா" என்று சிரிப்பான். சிரிப்பு வாயோடு சரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு தோப்பு கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பத்துக்காரர் ஒருவர், பாரிஸ் பக்கம் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் நெல்சன் வண்டிதான் அவருக்கு. பிள்ளைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு இருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஒருபக்கம் மணல்மேடு, மறுபக்கம் கடல். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று அவனே சொன்னான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போடா" என்றேன்.

"நீ வந்தா லினெட் வருவா. அவ வந்தா அவங்க அம்மா வருவாங்க. வேணாங்கா."

லினெட் அவன் மனைவி. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவன் பொழுது சாயும்போதுதான் திரும்புகிறான் என்று அவள் உழவர்கரையிலிருந்து ரெட்டியார்பாளையம் வரை வந்து என்னிடம் அழுதாள்.

"பொம்பளைன்னாகூடப் போய் ஒரு சண்ட போடலாம் அண்ணி. தோப்புகிட்ட போய் இன்னா சண்ட போடறது?"

அவளுக்கு ஆறுதல் சொன்னேனே தவிர, எனக்கும் வயிறு எரிந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அப்பா, அம்மா, பிறகு என் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று எனக்கு ஆள் இல்லாத அறை ஒன்று அமைந்ததே இல்லை. குளியலறைக் கதவைக்கூட யாராவது தட்டுவார்கள். இவன் மட்டும் சவுக்கு நிழலில் கால் நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒருநாள் வந்து, என் வீட்டில் இருந்த அம்மாவின் லூர்து மாதா சொரூபத்தைக் கேட்டான்.

"தனியா ஒக்காந்தா மனசு எங்கெங்கயோ ஓடுதுக்கா. மாதா இருந்தா நல்லாருக்கும்."

எங்கள் குடும்பத்தில் புது வீடோ புது வண்டியோ, மாதா இல்லாமல் யாரும் உட்கார்ந்ததில்லை. அதனால் கொடுத்தேன். சாயம் போன இடங்களில் நீலம் தீட்டிக் கொடுத்தேன். அவன் கருங்கல்லும் சிமெண்டும் வைத்துக் குகை மாதிரி அழகாக ஒரு கெபி கட்டி, அதற்குள் மாதாவை வைத்து, வீடு திரும்பும்முன் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றியிருக்கிறான்.

சுற்றுலாக்காரர்களிடம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை. இந்தக் கரையில் மாதா முன்னால் வெளிச்சம் தெரிந்தால் அது யார் தோப்பு என்று எவரும் கேட்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

முதலில் வந்தது பார்வதி, மீன் விற்கிற அம்மாள். அவள் மகன் போன படகு கரை திரும்பத் தாமதமான நாளில் வந்து மெழுகுவத்தி ஏற்றினாளாம். மகன் வந்துவிட்டான். அதிலிருந்து தினமும் மல்லிகைச் சரத்தோடு வந்தாள்.

"வரட்டுங்கா. அந்தம்மா பேசாது. ஏத்திட்டுப் போயிடும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கம்மா சொரூபம், என் கை தீட்டிய நீலம். யாரோ ஒருத்திக்கு வழி உண்டு, எனக்கு இல்லை. அன்று தைத்த ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தேன். என் கையில் அப்படி ஆவதே கிடையாது.

பார்வதி பேசாமல் இருந்தது நெல்சனிடம் மட்டும்தான் போலிருக்கிறது. அடுத்த மாதமே மரக்கிளைகளில் தொட்டில் கட்டினார்கள். சனிக்கிழமை கஞ்சி ஊற்றினார்கள். நெல்சன் பாரிசுக்குப் போன் போட்டான், தோப்புக்காரர் தடுப்பார் என்ற நம்பிக்கையில். அவரோ அழுதுவிட்டாராம். "எங்க எடத்துக்கு மாதாவே வந்துட்டாங்களா! நான் கூரைக்கு ஏற்பாடு பண்றேன் நெல்சன்." செப்டம்பரில் மாதா பிறந்த நாளுக்குக் கொடிமரமும் ஒலிபெருக்கியும் வந்தன.

திருவிழா முடிந்த வாரம் என்னிடம் வந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"மாதாவ எடுத்துடலாம்னு இருக்கேன். எடுத்துட்டா வரமாட்டாங்க. ஒரு கை புடிக்கணும். வர்றியாக்கா?"

கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டான். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோப்பைப் பார்த்ததும் அவன் ஒளித்ததற்குக் காரணம் புரிந்தது. கடல் சத்தம் சவுக்கு ஊசிகளில் வடிகட்டி வந்தது. காலடியில் மெத்தை போல் சருகு. இத்தனை நாள் இதை விட்டுவிட்டேனே என்றிருந்தது. கெபி முன்னால் பார்வதி, கூடை பக்கத்தில் இருக்க, காலை மடித்து உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு?" என்றாள்.

"எங்க அக்கா."

"அக்கா ஒண்ணு இருக்குதுன்னு நீ சொல்லவே இல்லியே!"

நான் அவனை முறைத்தேன். அவன் மாதாவின் பக்கம் போய்க் குனிந்தான். இரண்டு கையாலும் சொரூபத்தைப் பிடித்தான்.

"எடுத்துக்கிட்டுப் போவப் போறியா?"

"ம்."

"ஒன்னோட மாதா. எடுத்துக்க." அவள் எழுந்திருக்கவில்லை. "ஆனா பையன் மறுபடி கடலுக்குப் போயிருக்கான். இன்னிக்கி நான் எங்க போய் ஏத்தறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவன் கையை எடுத்துவிட்டான். மாதா சற்றே திரும்பியிருந்தார். நான்தான் நேராக வைத்தேன். நெல்சன் அவளிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, காற்றுக்கு உள்ளங்கையைக் குவித்து, அவள் மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தான்.

வரும் வழியெல்லாம் எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுத் தெரு முனையில் வண்டியை நிறுத்தினான்.

"எறங்குக்கா. நான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."

"எந்த எடம்?"

"சும்மா. ஒரு எடம்."

அவன் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குள் இன்னொன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்!

"நான் எறங்கல" என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, சொன்னா கேளு."

"பத்து வீட்டுக்காரங்களக் கூட்டிக் கத்துவேன். ஓட்டு."

என்னைக் கண்ணாடியில் கொஞ்சநேரம் பார்த்தான். வண்டியைத் திருப்பினான்.

அங்கே போய் அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்தோம். யாரும் எதையும் கேட்கவில்லை. இருட்டும்முன் லினெட் எனக்குப் போன் செய்தாள்.

"அவரு போன எடுக்கல. நீங்க எங்க அண்ணி இருக்கீங்க?"

"வீட்லதாம்மா இருக்கேன்" என்றேன். பின்னால் கேட்ட காகச் சத்தத்துக்குப் போனைக் கையால் மூடிக்கொண்டேன்.