கருக வறுத்த இறைச்சியும் அவித்த முட்டையும்

கம்பளைச் சந்தையில் மூட்டை சுமந்து தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. அப்படியிருந்தும் திகனயில் ஓர் இறைச்சிக்கடை, கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு. வங்கியில் என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லாத காலத்தில் எழுப்பியவை அவை. எவருக்கும் நான் பயந்ததில்லை. போன வருஷம், என் தாத்தாவின் முன்னால் ஒரு கோப்பைக் கஞ்சி தொடாமல் ஆறிக்கிடந்ததைப் பார்த்துத்தான் பயந்தேன். தாத்தா என்று எங்கள் ஆட்கள் சொல்வது அக்காவை. உம்மா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்.

அவருக்குக் குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. இனி மருந்து ஏற்ற வேண்டும். பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஆயுசு முழுக்கத் தம்பியின் கடை மாட்டிறைச்சியைத் தின்றதால் வந்த வினை இது என்றார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள். இறைச்சி மட்டுமில்லையாம். முட்டை, மீன், பருப்பு என்று சத்தானது எது உள்ளே போனாலும் நோயும் சேர்ந்து கொழுக்குமாம். தாத்தா நம்பிவிட்டார். வெறும் அரிசிக் கஞ்சியோடு நின்றார், பிறகு அதையும் தொடாமல் விட்டார். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தவர் எழும்ப முடியாமல் பாயைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை நான் கண்ணால் கண்டேன்.

டொக்டர் அம்மா தாத்தாவின் எடையை நிறுத்துப் பார்த்தார். இந்த உடம்புக்கு மருந்து ஏற்ற ஏலாது என்று திருப்பி அனுப்பினார். நான் வாசலில் மறித்து, என் கடையாலா வந்தது என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. மாட்டிறைச்சியை வருஷக்கணக்காக அளவில்லாமல் தின்றால், அதிலும் சொசேஜ், கருக வறுத்தது என்று தின்றால், குடல் புற்றுநோய்க்கு வாய்ப்புக் கூடலாம். ஆனால் இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது இவர் பட்டினி கிடப்பதுதான் ஆபத்து. முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் வேண்டும் என்றார். என்னையும் ஒரு தரம் வந்து பரிசோதிக்கச் சொன்னார். வீடு திரும்பும் வேனில், பல்லேகல தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நானும் அதே இறைச்சியைத் தின்றவன்தானே. அதுவும் ஓரம் கருகினால்தான் எனக்கு ருசி.

வீட்டுக்கு வந்து முட்டையை நானே அவித்தேன், உரித்து நீட்டினேன். தாத்தா வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நான் மவுத்தாப் போயிருவன்னு பயமா, ஒன்ட கடைக்கிப் பேர் கெட்டுரும்னு பயமா?"

"ரெண்டும்தான் தாத்தா."

பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "அப்ப நீ அந்தக் கருக்கின எறச்சிய உடு. நான் இதத் திங்கிறன்."

அன்றே விட்டேன். அவர் பாதி முட்டை தின்றார், வாந்தி எடுத்தார். இன்னொன்று அவித்தேன். பிறகு சோற்றில் பிசைந்த மீன் ஆணம், பிறகு கோழி போட்ட கஞ்சி. அவர் தட்டில் இருந்ததையே நானும் எதிரில் உட்கார்ந்து தின்றேன். உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்; அது முடிந்தும்விட்டது. நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் ஸ்கேன். என் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை.

தாத்தா எழும்பி நடப்பதைப் பார்த்து எல்லோரும் டொக்டரைப் புகழ்கிறார்கள், துஆ கேட்ட பள்ளிவாசல் ஹஸ்ரத்தைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் நோய் வந்தபோது என் கடையைச் சொன்ன அதே வாய்கள், அவர் சாப்பிட்டு எழும்பியதற்கும் என் பெயரைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் முடிவு வருவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.