கேத்தரின் அக்காவுக்கு ஒரு போட்டோ

விவேக் நகர்ப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கக் கிளம்பிய முதல் பெண் கேத்தரின் அக்காதான். முதல் கல்யாணத்தில், கழுத்தில் கேமராவோடு நின்றவரிடமே மாப்பிள்ளையின் மாமா வந்து, "போட்டோகிராபர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார். அக்கா பாட்டுக்குப் படம் எடுத்தார். அந்த ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அந்த மனுஷன் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அக்காவுக்கு ஒரு வழக்கம். ஆட்களை நிற்க வைத்துக் கேமராவைச் சும்மா இரண்டு தட்டு தட்டுவார். பிறகு, "முடிஞ்சிடுச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்பார். எல்லாரும் அப்பாடா என்று தோளைத் தளர்த்தி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கும்போதுதான் நிஜப் படம். ஏரியாவுக்கே இது தெரிந்துபோய்விட்டது. இப்போது "முடிஞ்சிடுச்சு" என்றால் ஒருத்தரும் நகர்வதில்லை. பிரியாணி ஆறினாலும் ஜனம் விறைப்பாகவே நிற்கும்.

இந்த வருஷம் அக்காவுக்கு விழா மேடையில் சால்வை போடுவதென்று தெருச் சங்கத்தில் முடிவானது. பேனர் அடிக்கிற வேலை என் கடைக்கு வந்தது. போட்டோ கேட்டால், அக்காவிடம் ஒன்றுகூட இல்லை. ஆயுசு பூராவும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். தேடித் தேடிக் கிடைத்தது, ஏதோ கல்யாண வீட்டு பீரோக் கண்ணாடியில் விழுந்த அரை முகம். மீதி முகத்தை ஃபிளாஷ் தின்றுவிட்டது. ஆதார் கார்டு படத்தைக் கொடுங்கள் என்றேன்.

"அதைப் போட்டா கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சு மாலையோட வந்துடுவாங்கப்பா."

சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால் சால்வை முனிராஜுக்கு என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய ஸ்டுடியோக்காரர். பொம்பளைக்கு எதுக்குக் கேமரா என்று அந்த நாளில் அக்காவுக்கு ஃபிலிம் ரோல்கூட விற்காத ஆள். கோட் போட்ட அவர் படம் காலையிலேயே என் கம்ப்யூட்டருக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். நேராகப் போய்ப் புருஷன் டிரேவரின் கையில் கேமராவைத் திணித்தார்.

டிரேவர் அண்ணன் இத்தனை வருஷமும் லைட் பிடித்தவர். கேமராவைத் தொட அக்கா விட்டதே இல்லை. கடை வாசலில் அக்கா நிற்க, அண்ணன் குனிய, திட்டு ஆரம்பித்தது. கை ஆடுகிறதாம், வெயில் தப்பான பக்கமாம், தலைக்கு மேல் கரண்ட் கம்பம் முளைக்கிறதாம். பாதி நேரம் அக்காவே ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய் நின்றார். எல்லாப் படத்திலும் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுகிற முகம்.

கடைசியில் அண்ணன் கேமராவை வயிறுவரைக்கும் இறக்கிவிட்டார்.

"விடும்மா, எனக்கு வராது. முனிராஜே இருந்துட்டுப் போகட்டும். முடிஞ்சிடுச்சு, போய்ச் சாப்பிடு."

அக்காவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. யாருடைய வசனத்தை யாரிடம் சொல்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. சிரித்துவிட்டார். வயிற்றுப் பக்கமிருந்தே அண்ணன் ஒரு கிளிக்.

படம் கோணல். தலை உச்சியும் கொஞ்சம் வெட்டு. அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சரி, பிரிண்ட் போடு என்றார்.

விழா அன்று முனிராஜ் பேனருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கேம்மா. யார் எடுத்தது?"

"எங்க லைட்பாய்தான் சார்," என்றார் அக்கா. "இன்னும் கத்துக்கணும்."