செய்னம்பு லாத்தா வீட்டு வீடியோ கேம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது செய்னம்பு லாத்தாவின் மகன் சுலைமானிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், உம்மா மவுத்தாயிட்டாக. அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்" என்றான். கிழங்கை அப்படியே விட்டுவிட்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

காயல்பட்டினத்தில் எங்கள் தெருவில் இருந்தவர்களுக்கு லாத்தாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சராக வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து குடிபோனேன். அடுத்த வீடு செய்னம்பு லாத்தாவுடையது. அக்காவை அங்கே லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. அதிகாரத்தைப் பார்த்தால் என் மாமியாருக்கே அக்கா மாதிரி இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெண்கள் மட்டும் போய்வரும் முடுக்கு உண்டு. அந்தச் சந்து வழியாக வந்து, என் மிக்ஸி போடும் சத்தத்துக்கு முகம் சுளித்து, அதைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிய பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்.

அந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. அப்படியானால் வீட்டுக்குள் எது நின்றுபோனாலும் அதை ஓட வைப்பதும் பெண்ணின் பொறுப்பு என்பது லாத்தா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். டிவி மண்டையில் தட்டுகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அடிச்சா அது என்ன சொல்லும்? கோளாறு எங்கன இல்லைன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே வந்தா, எங்கன இருக்குன்னு அதுவே சொல்லிரும்" என்பார். இதை நான் வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

அவருடைய கணவர் ஜமால் காக்கா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். முந்தின லீவில் அவர் வந்து போனபோது சுலைமான் தவழ்ந்துகொண்டிருந்தான். அடுத்த லீவில் வந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. கேசட்டில் பேசி அனுப்புகிற வாப்பாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். பெட்டியோடு வாசலில் வந்து நின்ற தாடிக்காரரைத்தான் தெரியவில்லை. உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் காதில் விழும்படியே, "இவுக எப்ப உம்மா திரும்பிப் போவாக?" என்று கேட்டான். ஜமால் காக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. லாத்தா அன்றைக்கு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "லீவு முடியறதுக்குள்ள இந்தப் பய அவுக பக்கத்துல போய் உக்காரணும், டீச்சர். இல்லைன்னா அடுத்த தடவை வரும்போது மீசை மொளைச்சிரும்."

ஜமால் காக்கா நம்பி வந்தது ஒரு வீடியோ கேமை. கேசட்டிலேயே அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். சுலைமானும் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். ஒரு சாயங்காலம் பெட்டியைப் பிரித்து, ஆசையாக அடாப்டரைப் பிளக்கில் சொருகினார். தம்மாமில் அவர் தங்கியிருந்த இடத்தில் கரண்ட் நூற்றிப் பத்து வோல்ட், நம் ஊரில் இருநூற்று முப்பது. ஊருக்கு வந்த சந்தோஷத்தில் அது அவருக்கு நினைவில்லை. புகைந்த நாற்றம் முடுக்கைத் தாண்டி என் அடுப்படிவரை வந்தது. சுலைமான் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். பையன் அழுதிருந்தாலாவது காக்காவுக்குச் சமாதானம் சொல்ல ஒரு வேலை இருந்திருக்கும்.

அப்படியே தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகக் கிளம்பியவரை லாத்தா உட்கார வைத்தார். செத்தது அடாப்டரா, இல்லை கேமும் சேர்ந்தா என்று முதலில் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அடாப்டரின் அடியில் ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தது. வீட்டிலிருந்த டார்ச் லைட்டுகளை எல்லாம் காலி செய்து, ஆறு பேட்டரிக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, பழைய காலண்டர் அட்டையில் குழலாகச் சுருட்டிக் கட்டினார். ஒயரைத் தொடுவதற்கு முன்னால், அடாப்டரில் அச்சடித்திருந்த சின்னப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒயர் முனையில் கேமுக்குள் சொருகும் ஊசியின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். நாம் வழக்கமாக நினைப்பதற்கு நேர் தலைகீழ். மாற்றிக் கொடுத்திருந்தால் கேமும் போயிருக்கும். சரியாகக் கொடுத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்ததே தவிர டிவியில் படம் இல்லை, வெறும் புள்ளிமழைதான். அந்த நேரத்தில் நான் என் வீட்டில் இலங்கை டிவியைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஆண்டெனாக்கள் எல்லாம் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். திடீரென்று திரையில் கறுப்பு வெள்ளையில் குட்டியாக ஒரு மனிதன், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே போனான். இலங்கைக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று முடுக்கு வழியாக ஓடினேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் லாத்தாவின் முகம் மாறியது. காக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஆண்டெனாவக் கழத்தலையா?" என்றார். வீட்டுப் பெண்களுக்கு இலங்கை டிவி நின்றுவிடக் கூடாதே என்று, ஆண்டெனா ஒயரோடு கேம் ஒயரையும் சேர்த்து முறுக்கியிருந்தார் மனிதர். கேமின் படம் கூரைக்கு ஏறி, ஆண்டெனா வழியாக என் வீட்டுக்கு வந்திருக்கிறது. "அப்படின்னா பொட்டி நல்லாத்தான் இருக்கு. நம்ம டிவிதான் வேற எங்கனயோ தேடுது" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்கு வந்து, என் டிவியில் ஸ்டேஷன் பிடிக்கும் முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு போய், தன் டிவியில் அதே இடத்தில் நிறுத்தினார். ஆண்டெனாவைப் பிடுங்கினார். பின்பக்கத்துக் குமிழைப் பையத் திருகியதும் உருண்டுகொண்டிருந்த மனிதன் நிமிர்ந்து நின்றான். நான் சிரிப்பதற்காகக் கொண்டுபோன செய்தியை அவர் விடையாக மாற்றிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மூளையை நான் பார்க்கவில்லை. கலர் மட்டும் வரவில்லை. அந்தக் கேமின் கலர் முறை வேறு, நம் டிவியின் முறை வேறாம். "இது நோவு இல்ல, பொறவி. விட்டுருங்க" என்றார்.

டேப் ரிக்கார்டரின் அடாப்டரை எடுத்து, ஊசி ஒயரை மாற்றி ஒட்டிக் கேமுக்கு நிரந்தரமாகக் கொடுத்தார். சுலைமான் எட்டிப் பார்த்தான். ஆனால் இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்ததல்லவா, ஒன்றை எடுத்துக்கொண்டு அறையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தான். காக்கா இந்தக் கோடியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விளையாடி முடித்து எழுந்து போனார்கள். அடுத்த நாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் ஒரு ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை. லாத்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருக்கிற ஒன்றை இருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. "இடப்பக்கம் வாப்பா பிடிச்சு நடக்க வைக்கட்டும். வலப்பக்கம் நீ பிடிச்சுக் குதிக்க வை." கையகலம்கூட இல்லாத அந்த ஜாய்ஸ்டிக்கை இரண்டு பேர் பிடிக்க வேண்டுமென்றால் ஒட்டி உட்காராமல் முடியாது. முதலில் தோள் பட்டது. அப்புறம், "வாப்பா, பள்ளம் வருது, நில்லுங்க" என்று சுலைமான் கத்தியது என் வீட்டுக்குக் கேட்டது. அவரை அவன் வாப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். லீவு முடிகிற வாரத்தில் மடியிலேயே உட்கார்ந்து விளையாடினான்.

ஜாய்ஸ்டிக் கெட்ட அன்று மதியமே லாத்தா முடுக்கு வழியாக வந்து, கறுப்புப் பொட்டுகள் வைத்த ஒரு ரப்பர் துண்டை என் கையில் கொடுத்திருந்தார். பட்டனுக்கு அடியில் இருக்கும் துண்டு அது. அது இல்லாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. "உங்க வீட்டுல இருக்கட்டும். எங்க வீட்டுல வெச்சா பய தோண்டி எடுத்துருவான்" என்றார். எதையும் ஓடாமல் விட்டு வைக்கத் தெரியாத மனுஷி, நன்றாக ஓடியதைக் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

காக்கா பிளேன் ஏறிப் போன பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாப்பா போன தெருவைப் பார்த்து அழுதிருந்த பையனைத் தூங்க வைத்துவிட்டு வந்து, கையை மூடச் சொன்னார். "அடுத்த லீவுக்கும் வேணும், டீச்சர்."

நான் மாற்றலாகி வந்தபோதும் அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அடக்கத்தன்று என் கைப்பையில் அது இருந்தது. சுலைமானிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் எடுத்துப் போனேன். பெண்கள் இருந்த அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஊரோடு வந்துவிட்ட ஜமால் காக்கா தளர்ந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் எவ்வளவோ இடம் இருந்தது. சுலைமான் அவருடைய தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

கைப்பையைத் திறக்காமலே ஊர் திரும்பினேன். இதைப் படித்துச் சுலைமான் தெரிந்துகொள்ளட்டும். ரப்பர் துண்டு என்னிடமே இருக்கட்டும். லாத்தா இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.