இரண்டாவது நிமிடத்துக் குரல்

ஸ்கேன் அக்காவுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. பதினெட்டு வருடம் இருட்டறையில் உட்கார்ந்தவள். "பேய் வந்தா முதல்ல படுக்க வெச்சு ஒரு படம் எடுத்துடுவேன்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் நான்கு வருடமாக, கருவியின் கடிகாரம் இரண்டு நிமிடத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது.

"அவ்ளோதானாக்கா?"

அந்தப் பெண், நான்கு வருடம் முன்பு ஸ்கேனுக்கு வந்த ஒரு தையல்காரி. கல்லீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புள்ளி. சாதாரண ஸ்கேனில் அது புற்றா, தீங்கில்லாத வெறும் ரத்தக்குழாய்ச் சுருளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் குமிழி மருந்து. கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகளைக் கைநரம்பில் ஏற்றினால் ரத்தம் போகிற வழியெல்லாம் திரையில் வெளிச்சமாகும். புற்றென்றால் பெரும்பாலும் வந்த வெளிச்சம் வடிந்து கறுத்துப்போகும். ரத்தக்குழாய்ச் சுருள் என்றால் விளிம்பில் மொட்டு மொட்டாய்ப் பிடித்து, உள்நோக்கி மெல்ல நிறையும், நிறைந்தது வடியாது. அந்த 'மெல்ல'வுக்காகவே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மேல்மாடியில் காசு கட்டிப் படுத்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. கீழே பொது வார்டுக்கு இரண்டு. எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம். ஏழையின் ரத்தம் மட்டும் என்ன ஓட்டப்பந்தயமா ஓடுகிறது என்று கேட்க அன்றைக்கு அக்காவுக்கு வாய் வரவில்லை. இரண்டாவது நிமிடத்தில், வயிற்றில் அழுத்தியிருந்த ப்ரோபைத் தூக்கிவிட்டாள். புள்ளியின் நடு இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"அவ்ளோதானாக்கா?" என்றாள் தையல்காரி.

"அவ்ளோதாம்மா. துடைச்சுக்கோ."

நடுக்கறுப்பைப் பார்த்த டாக்டர் புற்று என்று சந்தேகப்பட்டார். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கட்டில் காலி. அதற்கப்புறம் வந்து சேர்ந்தது சதைப் பரிசோதனை முடிவு: ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கலாம், வெறும் ரத்தக்குழாய்ச் சுருள். எல்லோரும் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். விதிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பார்த்தவள் அவள்.

இன்று படுத்திருந்தவள் ஆஸ்பத்திரியின் சலவைக்காரி.

"நான் வெளுத்த விரிப்புலயே என்னைப் படுக்க வெச்சுட்டீங்களேக்கா!"

"கறை ஏதும் இருக்கா பாத்துக்கோ."

"கறை உள்ளே, கல்லீரல்ல இருக்காம்ல. நாளைக்கு ஊசி குத்திச் சதை எடுக்கணும்கிறாங்க."

அக்கா அவள் வயிற்றில் ஜெல்லியைத் தடவி ப்ரோபை வைத்தாள்.

நர்ஸ் மருந்தை ஏற்றினாள். இருபதாவது நொடியில் விளிம்பில் மொட்டுகள் பூத்தன. "மூச்சைப் பிடி... விடு." ஒரு நிமிடம். இரண்டு. நடு கறுப்பாகவே இருந்தது, அச்சு அசலாகத் தையல்காரியுடையதைப் போல. அக்கா ப்ரோபைத் தூக்கினாள். விடாமல் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் ப்ரோபின் ஒலியலையில் குமிழிகள் உடைந்து, இல்லாத கறுப்பை இருப்பதாகக் காட்டும்; விட்டு விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"அவ்ளோதானாக்கா?"

சலவைக்காரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அவள் உதடு அசையவில்லை.

"இல்லம்மா, இன்னும் இருக்கு" என்றாள் அக்கா.

"யார்கிட்ட பேசுற?" என்றாள் நர்ஸ்.

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வரிசையைக் கவனிக்கும் மேற்பார்வையாளர். "என்னம்மா, ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சு. வெளியே பதினோரு பேர் நிக்கிறாங்க."

"உள்ளே ஒருத்தி படுத்திருக்கா."

"மேல சொல்ல வேண்டியிருக்கும்."

"தாராளமா சொல்லுங்க. கீழே இருக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிஷம்னு எந்தக் காகிதத்துல இருக்குன்னும் கேட்டுட்டு வாங்க. இப்ப கதவைச் சாத்துங்க, வெளிச்சம் அடிக்குது."

மூன்றாவது நிமிடத்தில் கறுப்பு சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. நான்கில் ஒரு மிளகு. ஐந்தில் அதுவும் இல்லை. புள்ளி முழுக்க நிறைந்து, வடியாமல் நின்றது. பதிவின் கீழே நேரத்தைக் குறித்து அவளே டாக்டரிடம் கொண்டுபோனாள். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம் என்று எழுதினார் அவர்.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?" என்றாள் சலவைக்காரி. விரிப்பை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கூடவே ஒட்டச்சொல்லி ஒரு சுற்றறிக்கை: பொது வார்டில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். எழுதாத சட்டம் ஒருவழியாக எழுத்தில் வந்துவிட்டது. இனி எதிர்த்துச் சண்டை போட ஒரு காகிதம் கிடைத்தது என்று மடித்துப் பையில் வைத்தாள். ஒட்டவில்லை.

பிறகு, நான்கு வருடமாகத் தொடாத தையல்காரியின் பதிவைத் தேடி எடுத்து ஓட்டினாள். விளிம்பில் மொட்டுகள் பூத்தன. சரியாக இரண்டு நிமிடத்தில், நடுக்கறுப்போடு, படம் நின்றது. மீதி மூன்று நிமிடமும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.