பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்ன கன்னியம்மா

செவ்வாய்க்கிழமை காலை, முதல் பாடவேளைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மாவின் மகள் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போய்ட்டாங்க டீச்சர். வேலைக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்க. நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தாங்க, அவ்ளோதான்." அன்று பன்னிரண்டாம் வகுப்பில் நான் வணிகவியல் நடத்தவில்லை. கன்னியம்மா இறந்த செய்தியை மட்டும் சொன்னேன். மாணவிகள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். நம் நுகர்வோர் மன்றத்தில் அவரிடம் கற்றுவிட்டு, இப்போது எங்கெங்கோ இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்தை ஒட்டிய மளிகைக்கடையில். விலையை ஏற்றாமல் அளவைக் குறைத்து விற்பதைப் பற்றிப் பாடம் நடத்துவதற்காகப் பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலங்கள் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் நின்றிருந்த பெண், என் கையிலிருந்ததை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வேறொன்றை நீட்டினார்.

"இத்த எடுங்க, பழைய சரக்கு. அதுல ரெண்டு பிஸ்கட் கம்மி."

இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தானே பேக் பண்றேன்" என்றார்.

வகுப்புக்கு வர முடியுமா என்று அங்கேயே கேட்டேன். தன் வார விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்தார். வேதியியல் ஆய்வகத்தின் மின்னணுத் தராசை மேசைமேல் வைத்திருந்தோம். சோப்பு, டீத்தூள், சேமியா என்று மாணவிகள் ஒவ்வொன்றாக நீட்ட, அவர் கையில் வாங்கி எடை சொன்னார். தராசு அவரிடமிருந்து ஒன்றிரண்டு கிராம்தான் விலகியது. பழவேற்காட்டு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சின்ன வயதில் ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவர். "எறா வாங்க வர்றவன் தராசு எப்பவும் அவன் பக்கந்தான் பேசும். அதான் கைய பழக்கிக்கினேன்" என்றார், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல.

அப்போதுதான் ரேவதி எழுந்தாள். "நீங்கதான பேக் பண்றீங்க. கம்மி பண்றாங்கன்னு தெரிஞ்சிக்கினே ஏன் சும்மா இருந்தீங்க?"

நான் அவளை உட்காரச் சொன்னேன். கன்னியம்மா என்னைத் தடுத்தார். "கேக்கட்டும் டீச்சர்."

"பயம்மா. காண்ட்ராக்ட் வேலை. கேட்டா நாளைக்கு வராதன்னுடுவாங்க. ஊட்ல ரெண்டு பொண்ணு. அதான் கேக்கல" என்றார். நாற்பது மாணவிகள் முன்னால் ஒரு பெரியவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு ஒரு பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆனா எடைய இங்க போட்டுத்தான் இருக்காங்க. நாம பாக்க மாட்டோம்னு நம்பிக்கினு போட்டுருக்காங்க. பாருங்க. நூறு கிராம் இன்னா வெல ஆவுதுன்னு கணக்கு போடுங்க. பெரிய பாக்கெட்டுன்னா லாபம்னு நெனச்சுக்காதீங்க. கட்டுப்படி ஆவலன்னா வேற வாங்குங்க. போட்டத விட உள்ள கம்மியா இருந்தா அது திருட்டு, அதுக்குப் புகார் குடுங்க."

அடுத்த வாரமே நம் மாணவிகள் பள்ளி வாசல் பெட்டிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதும், அவர் கடையைச் சாத்திவிட்டுப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். கன்னியம்மா கேள்விப்பட்டு வந்து, அவரிடம் மாணவிகளை மன்னிப்புக் கேட்க வைத்தார். "அவரு இன்னா பண்ணுவாரு? அவருக்கும் அதே பாக்கெட்டுதான் வருது. கேக்கணும்னா கவர் பின்னாடி நம்பர் இருக்கு, அங்க கேளுங்க."

மாணவிகள் கையில் இருந்தது கன்னியம்மா வேலை பார்க்கும் கம்பெனியின் பொட்டலம். நான் தயங்கினேன். அவர் என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி ரேவதியிடம் கொடுத்து அந்த எண்ணை அழைக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் ஓர் ஆணின் குரல் பொறுமையாகக் கேட்டது. கடைசியில், "அளவு குறைஞ்சிருக்குன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றது.

ரேவதி கன்னியம்மாவைப் பார்த்தாள். என் பெயரைச் சொல் என்பதாக அவர் தலையசைத்தார். அவர் முகத்தில் அப்போது ஒரு சலனமும் இல்லை.

"யாரும் சொல்லல சார். கவர்ல போட்டிருக்கு. நாங்களே படிச்சோம்" என்றாள் ரேவதி.

அழைப்பு முடிந்ததும் கன்னியம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். எடை உடனே ஒன்றும் கூடவில்லை. சில மாதங்கள் கழித்து அதே பொட்டலம் 'கூடுதல் அளவு' என்று பெரிய எழுத்தில் வந்தது. அவரே ஒன்று வாங்கி வந்து வகுப்பில் காட்டினார். குறைப்பதற்கு முன்பிருந்த பழைய எடைதான். "நம்மளுத நமக்கே தந்துட்டு நல்ல பேரு வாங்கறாங்க" என்று சிரித்தார். கடைசிவரை அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்.

எத்தனையோ ஆண்டுகளாக நுகர்வோர் உரிமைகளைப் பாடநூலிலிருந்து நடத்தி வருகிறேன். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "நீங்க என்னைக்காவது கடையில கேட்டிருக்கீங்களா டீச்சர்?" முன்பென்றால் பேச்சை மாற்றியிருப்பேன்.

"இல்லம்மா, கூச்சமா இருந்துச்சு" என்றேன்.

கன்னியம்மாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு பதில்தான். அவரைப் போல எடை சொல்ல என் கைக்கு இந்தப் பிறவியில் வராது.