வேம்படியில் கொட்டிய உப்பு

செம்பூரில் நான் வேலை பார்க்கும் விவசாய ஆராய்ச்சித் தோட்டத்தின் வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. தோட்டம் வருவதற்கு முன்பே இருந்த கிழட்டு மரம். பூச்சிமருந்து ஆராய்ச்சி ஆரம்பித்ததே அதன் விதையில்தான். எந்த ஊர் வேப்பெண்ணெய் வந்தாலும் இந்த மரத்து எண்ணெயோடு ஒப்பிட்டுத்தான் தரம் சொல்வார்கள். அப்பா அங்கே மாலி, தோட்டக்காரர். ஓய்வு பெறும்வரை அதற்குத் தண்ணீர் விட்டவர். நான் மண் பரிசோதிக்கும் லேபில் உதவியாளர்.

எங்கள் தாராவிப் பெண்களுக்கோ அது மாரியாத்தா. மஞ்சள் துணி கட்டுவார்கள், குங்குமம் வைப்பார்கள். வாட்ச்மேனும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

அப்பாவுக்குக் கிட்னி கெட்டது. உப்பே கூடாது என்று டாக்டர் சொன்னதும் அம்மா நேர்ந்துகொண்டாள். நோய் தீர அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது எங்கள் திருநெல்வேலிப் பக்க வழக்கம். அவரை விட்டுவிட்டு ஊருக்கு எங்கே போவது? செவ்வாய்தோறும் எனக்குத் தெரியாமல் அந்த வேம்படியில் பாக்கெட் பாக்கெட்டாகக் கல்லுப்பைக் கொட்டியிருக்கிறாள்.

முதலில் இலை நுனி கருகியது. அப்புறம் கிளை கிளையாகக் காய்ந்தது. பெரிய ஆபீசர்கள் எல்லாம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேரடி மண் என் மேசைக்கு வந்தது. உப்பு, அப்படியொரு உப்பு! யார் கொட்டியது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். உன் அம்மாதான் என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன்.

"ஆத்தா ஆத்தான்னு கும்பிட்டு அந்த மரத்தையே கொன்னுட்டியேம்மா!"

"அவரு சோத்துல போட வேண்டிய உப்பத்தானட்டி ஆத்தாளுக்குக் குடுத்தேன்" என்றாள் அம்மா.

"விடு பிள்ள. எனக்காவத்தான செஞ்சா" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முதுகு குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மரத்தை வெட்டினார்கள். இனி எதோடு ஒப்பிடுவது என்று எங்கள் ஆபீசர் கேட்டார்.

கடைசி நாட்களில் அப்பா கஞ்சிக்கு ஒரே ஒரு கல் உப்பு கேட்டுக் கெஞ்சினார். அம்மா தரவில்லை.

"ஆத்தாளுக்கு நேந்ததத் திருப்பி எடுத்தா உங்களுக்குத்தான் ஆவாது" என்றாள்.

அப்படியே போய்ச் சேர்ந்தார், பாவி மனுஷன்.

காரியத்தன்று அம்மா படையலுக்குக் கஞ்சி வைத்தாள். கை நிறையக் கல்லுப்பை அள்ளி அதில் போட்டாள். அப்பாவின் போட்டோ முன்னால் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"குடிங்க. இனி ஒண்ணும் செய்யாது."